காட்டில் தாக்குப்பிடிக்கக் குழுவாகப் பழகுவது எப்படி

பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்க, ஒருவர் தீ மூட்டுகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அன்று தீ மூட்டிப் பழகியவர் அந்த ஒருவர்தான். அவருக்கும் அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். காட்டுத் திறன்களைக் குழுவாகக் கற்பவர்கள் முதலில் விழும் குழி இது. கைவேலை தெரிந்த இரண்டு பேரிடம் எல்லா வேலையும் போய்ச் சேரும். மற்றவர்கள் சுள்ளி பொறுக்குவார்கள், ஆறு மாதம் கழித்தும் சுள்ளிதான் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் இங்கே சொல்லும் முறை இரண்டு பாதியாகப் பிரிகிறது: கைவேலையை ஒவ்வொருவரும் தனியே செய்து முடிக்க வேண்டும், கவனிக்கும் வேலையை எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும். குழு உண்மையில் பயன்படுவது இரண்டாவதில்தான்.

ஆட்களும் ஏற்பாடும்

6 முதல் 12 பேர் சரியான அளவு. ஆறுக்குக் கீழே போனால் பின்னால் வரும் பறவை வரைபடம் தேறாது. பன்னிரண்டுக்கு மேல் போனால் யார் கையில் கத்தி எப்படி இருக்கிறது என்று கண்காணிக்க முடியாது. ஆறு பேருக்கு ஓர் அனுபவசாலி வேண்டும். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதலுதவி தெரிந்திருந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்பவராக இருந்தால் போதும்.

முதல் நாளே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். நிற்கும் இடத்திலெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் குரல் கொடுத்தால் பத்து நொடியில் கணக்கு முடியும். ஒருவரே தலைகளை எண்ணுவதை நம்ப வேண்டாம். எண்ணுபவர் தன்னை விட்டுவிடுவார், அல்லது ஒருவரை இரண்டு முறை எண்ணுவார். நடக்கும்போது மெதுவாக நடப்பவர் வழிகாட்டிக்கு அடுத்து வரட்டும், அனுபவசாலி கடைசியில். மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விட்டால், முன்னே போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறி, அவர் வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்புவார்கள். அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. களைத்த கால்தான் இடறும்.

உடன் வராத ஒருவரிடம் போகும் இடம், பெயர்கள், திரும்பும் நேரம், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லையென்றால் உதவி கேட்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். இடத்துக்கு அனுமதி வாங்கும்போது, தீ மூட்ட அனுமதி உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள். ஆஸ்துமா, தேனீக்கொட்டு ஒவ்வாமை, சர்க்கரை நோய் உள்ளவர்களின் மருந்து பையில் எந்த அறையில் இருக்கிறது என்பது அவரவர் இணைக்கு (குழுவில் ஜோடியாகப் பழகும் ஆளுக்கு) தெரிந்திருக்க வேண்டும். எல்லோர் கழுத்திலும் விசில்.

இன்னும் ஒரு விதி: யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொல்லலாம், சொன்னால் எல்லோரும் நிற்க வேண்டும், ஏன் என்பது அப்புறம். தனியாகப் போகிறவர் சந்தேகம் வந்தால் நின்றுவிடுவார். கூட்டத்தில் இருப்பவரோ, மற்றவர்களுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொள்வார். எல்லோரும் அப்படி நினைத்துக்கொண்டே ஆற்றில் இறங்குவதும் உண்டு.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை நாள் என்று வைத்தால் ஆறு மாதத்தில் 12 சந்திப்பு. முதல் இரண்டில் அசையாமல் உட்கார்ந்து கவனிப்பதும் கத்தியும் மட்டும். இரவு தங்குவது எட்டாவதற்கு முன் வேண்டாம்.

உட்கார்வதில் தொடங்குங்கள்

எல்லோரும் தீயில்தான் தொடங்க ஆசைப்படுவார்கள். கவனிப்பு முதலில் வராவிட்டால் மற்றவை பாதிதான் வரும். எந்த மரம் காய்ந்தது, எந்த மேடு நனையாது, காற்று எப்போது திசை மாறியது என்பதெல்லாம் கண்ணுக்குப் பட்டால்தானே கை வேலை செய்யும்?

ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஓர் இடம் பிடிக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது அதே இடத்தில் 20 முதல் 30 நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் எதுவும் நடக்காதது போலிருக்கும். நீங்கள் நடந்து வந்த கலவரம் அடங்கப் பிடிக்கும் நேரம் அது. பலர் அந்த இடத்தில்தான் எழுந்து போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு பறவைகள் தம் வேலைக்குத் திரும்பும். அந்த இடத்தின் இயல்பு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் காது பழகும்.

பறவைப் பெயர் தெரியாவிட்டாலும் குரலை ஐந்தாகப் பிரிக்கலாம்: பாட்டு, இணைக்குள் பரிமாறும் மெல்லிய குரல், குஞ்சு இரை கேட்கும் ஓயாத கத்தல், எல்லைச் சண்டை, அபாயக் குரல். முதல் நான்கும் இயல்பு. ஐந்தாவது கேட்டால் பறவை எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். தரையில் நடக்கும் வேட்டையாடி என்றால், சிறு பறவைகள் கொஞ்சம் மேலேறிக் கீழே பார்த்துக் கத்தும். கத்தல் மெதுவாக இடம் மாறிக்கொண்டே போகும். வல்லூறு போல ஒன்று வந்தால் எல்லாம் சட்டென்று புதருக்குள் பாயும், அல்லது காடு ஒரேயடியாக வாயடைத்துவிடும்.

மூன்றாம் சந்திப்பில் குழு வரைபடம் போடுங்கள். எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். கைக்கடிகாரங்களை நொடி வரை ஒன்றாக்குங்கள். 50 முதல் 70 மீட்டர் இடைவெளியில் பிரிந்து 40 நிமிடம் உட்காருங்கள். தாளில் எட்டு வரிசை, வரிசைக்கு 5 நிமிடம். கேட்ட குரல் எந்த வகை, எந்தத் திசை, ஏறக்குறைய எத்தனை தூரம் என்பதை மட்டும் குறியுங்கள். திரும்பியதும் பெரிய தாளைத் தரையில் விரித்து, அவரவர் இருந்த இடத்தில் ஒரு கூழாங்கல் வையுங்கள். ஒருவர் நேரத்தைச் சொல்ல, மற்றவர்கள் அந்த ஐந்து நிமிடத்தில் கேட்டதைப் பென்சிலால் வரையட்டும்.

7:15க்கு மூன்றாம் எண்காரர் ‘சத்தம் இல்லை’ என்று எழுதியிருப்பார். தனியே பார்த்தால் அது ஒன்றுமில்லை. 7:20க்கு நான்காம் எண்காரர் இடப்பக்கம் கூர்மையான கத்தல் கேட்டிருப்பார். 7:25க்கு ஐந்தாம் எண்காரருக்கு அதே கத்தல் வலப்பக்கம். மூன்றையும் கோட்டால் இணைத்தால், ஏதோ ஒன்று ஓடையோரமாக நடந்துபோன பாதை தாளில் வந்துவிடும். ஒருவருமே அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். எழுந்து போய் அந்தக் கோட்டில் ஈர மண்ணைத் தேடுங்கள். சில நேரம் தடம் கிடைக்கும்.

இதில் கெடுவது மூன்று இடங்களில். கடிகாரம் இரண்டு நிமிடம் பிசகினால் கோடு சேராது. சிலர் கண்டதை விட்டு முடிவை எழுதுவார்கள்: ‘பூனை போயிற்று’ என்று எழுதாமல் ‘தரையில் மேய்ந்த பறவைகள் மேலே ஏறின’ என்றுதான் எழுத வேண்டும். மூன்றாவது அனுபவசாலியின் தப்பு: அவர் முதலில் விளக்கம் சொல்லிவிட்டால், மற்றவர்கள் தம் குறிப்பை அதற்கு ஏற்ப வளைத்துவிடுவார்கள். அவர் கடைசியில் பேசட்டும்.

பார்வைக்கு ஒரு சிறு பயிற்சி உண்டு. இரு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை அசைத்தபடி மெதுவாகப் பக்கவாட்டில் விரியுங்கள். முகத்தைத் திருப்பாமல் இரண்டு பக்கமும் அசைவு தெரியும் அளவுக்குப் பார்வையை அகலமாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். ஒருவர் டார்ச் அடித்தால் எல்லோருக்கும் அது வீண். மங்கலான பொருளை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

தடம் பழக ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடத்தில் மண்ணைச் சலித்துப் பரப்பிச் சமப்படுத்துங்கள். அதில் ஒருவர் நடக்க, ஓட, சுமையோடு நடக்க, பின்னால் நடக்க, மற்றவர்கள் எது எது என்று கண்டுபிடிக்கட்டும். தடத்தைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். சாய்ந்த வெயிலில்தான் விளிம்பின் நிழல் விழும். தடம் உங்களுக்கும் வெயிலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். காட்டில் பின்தொடரும்போது ஒருவர் தடத்தை ஒட்டி நடக்கட்டும், மற்ற இருவர் இரு பக்கமும் சற்று விலகி முன்னே பார்க்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். தரையையே உற்றுப் பார்ப்பவருக்கு எதிரே நிற்பது தெரியாது.

கத்தி, கயிறு

கத்தியோடு கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் தூரத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. உட்கார்ந்து சீவும்போது முழங்கையை முழங்காலில் ஊன்றி, காலுக்கு வெளியே முன்பக்கமாகச் சீவுங்கள். தொடைக்கு நடுவே சீவவே கூடாது. உள்தொடையில் பெரிய தமனி ஓடுகிறது, அது வெட்டுப்பட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். கைமாற்றும்போது வாங்குபவர் ‘பிடித்துவிட்டேன்’ என்று சொன்ன பிறகே விடுங்கள். சீவாத நேரம் கத்தி உறைக்குள். மழுங்கிய கத்திதான் அதிகம் வழுக்கும், ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கிறது. முதல் வேலையாக ஆளுக்கு நான்கு முளைக்குச்சிகள்: பெருவிரல் பருமன், 25 செ.மீ. நீளம், ஒரு முனை கூர், மறுமுனைக்குக் கீழே கயிறு தங்க ஒரு வெட்டு.

கயிறு திரிப்பதைப் பேசிக்கொண்டே செய்யலாம் என்பதால் அதற்குத் தனி நேரம் வேண்டாம். நாரை நட்டநடுவில் மடிக்காமல், ஒரு புரி நீளமாகவும் மற்றது குட்டையாகவும் வரும்படி மடியுங்கள். மேல்புரியை உங்களைவிட்டு வெளிப்பக்கமாக முறுக்கி, அதையே கீழ்ப்புரிக்கு மேலாக உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது கீழே இருந்தது மேலே வந்திருக்கும், அதை முறுக்குங்கள். உள்முறுக்கும் சுற்றும் எதிரெதிராக இருப்பதால்தான் கயிறு பிரியாது. நார் மெலியத் தொடங்கும்போதே புது நாரைச் சேருங்கள், தீர்ந்த பிறகு அல்ல. நடுவில் மடித்திருந்தால் இரண்டு புரியும் ஒரே இடத்தில் தீர்ந்து, இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் விழும், அங்கேதான் அறும். ஒரு புரி நேராக நிற்க மற்றது அதைச் சுற்றிக்கொண்டு போனால், முறுக்கு சமமாக இல்லை. அதைப் பிரித்துவிட்டு மறுபடி திரியுங்கள்.

தீ

முதலில் எல்லோரும் ஒரே தீக்குச்சியில் தீ மூட்டப் பழகுங்கள். ஆபத்தில் சிக்கியவருக்குத் தேவை லைட்டர்தான். அதைச் சட்டைப்பை, பை, முதலுதவிப் பெட்டி என மூன்று இடத்தில் வையுங்கள். தீக்கடைகோல் (வில்லின் கயிற்றில் சுற்றிய கோலைப் பலகையில் சுழற்றித் தீ எடுப்பது) கற்பது மரத்தையும் ஈரத்தையும் உங்கள் கையையும் புரிந்துகொள்ள.

தீ அணைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், மெல்லிய சுள்ளி போதாதது. தீக்குச்சிப் பருமனில் ஓர் அணைப்பு (இரு கையாலும் அணைத்து எடுக்கும் அளவு), பென்சில் பருமனில் இரண்டு, பெருவிரல் பருமனில் மூன்று எனச் சேர்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். ஒடித்தால் ‘படக்’ என்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் ஈரம்.

கடைகோலுக்கு மரம் செத்து, நின்றபடியே காய்ந்ததாக இருக்கட்டும். தரையில் கிடந்தது ஈரம் குடித்திருக்கும். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மென்மை வேண்டும். பிசின் உள்ள மரம் சரிவராது. அடிப்பலகை 1.5 முதல் 2 செ.மீ. கனம். கடைகோல் பெருவிரல் பருமன், 20 செ.மீ. நீளம், நேரானது, மேல்முனை கூர், கீழ்முனை மழுங்கல். வில் உங்கள் கை நீளம், வளையாத கிளை. கயிறு 4 முதல் 5 மி.மீ. மேலே அழுத்தப் பிடிக்கும் கட்டை கடின மரத்தில், உள்ளங்கைக்குள் அடங்குவதாக. அதன் குழியில் சோப்போ மெழுகோ தடவுங்கள். மேலே புகை வந்தால் உழைப்பு அங்கே வீணாகிறது என்று அர்த்தம்.

பலகை ஓரத்திலிருந்து சற்று உள்ளே சிறு குழி தோண்டி, கடைகோலின் அகலத்துக்குக் கருகும் வரை கடையுங்கள். பிறகு ஓரத்திலிருந்து குழியின் மையத்தைத் தொடாமல் தொடும் அளவுக்கு, வட்டத்தில் எட்டில் ஒரு பங்கை V வடிவில் வெட்டியெடுங்கள். கீழே ஒரு காய்ந்த இலை. இடது பாதத்தைப் பலகை மேல் குழியை ஒட்டி வைத்து, வலது முழங்காலை ஊன்றுங்கள். கட்டையைப் பிடித்த இடது மணிக்கட்டு இடது முழங்காலுக்குக் கீழே முன்கால் எலும்போடு ஒட்டிப் பூட்டினாற்போல் இருக்க வேண்டும். அது ஆடினால் கோல் தெறிக்கும். வில்லை முழு நீளத்துக்கும் இழுங்கள். முதலில் நிதானம். புகை வந்ததும் அழுத்தத்தையும் வேகத்தையும் கூட்டுங்கள். வெட்டு நிறையத் தூள் சேர்ந்து புகை அடர்ந்த பிறகும் இன்னும் 20, 30 இழுப்பு.

தூளே எல்லாம் சொல்லும். வெளிர்பழுப்பு என்றால் வேகமும் அழுத்தமும் போதாது. சுருள் சுருளாக, தடிப்பாக வந்தால் அழுத்தம் அதிகம், வேகம் குறைவு. கீச்சென்று சத்தம் போட்டுத் தூளே வராவிட்டால் குழி பளபளப்பாகிவிட்டது. சுரண்டிவிட்டு ஒரு சிட்டிகை மணல் போடுங்கள். கருத்த, மெல்லிய தூள் ஒன்றோடொன்று ஒட்டி, நீங்கள் நிறுத்திய பிறகும் தானாகப் புகைந்தால் அது கங்கு. அவசரப்படாதீர்கள். ஒரு நிமிடம் விட்டால் அது உள்ளுக்குள் கெட்டிப்படும். பிறகு நாரைக் கசக்கிச் செய்த கூட்டில் வைத்து, விட்டுவிட்டு ஊதுங்கள். இலையிலிருந்து கூட்டுக்கு மாற்றும்போது கங்கைத் தவறவிடுபவர்களே அதிகம்.

முதலில் இருவர் இருவராகச் செய்யலாம்: ஒருவர் கட்டையை அழுத்த, வில்லின் இரு முனைகளை இருவரும் இழுக்கலாம். அடுத்த சந்திப்பிலிருந்து தனித்தனி. கங்கு எடுத்தவர் மற்றவர் கருவியைத் தொடக் கூடாது, வாயால் மட்டும் சொல்லலாம். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் குழு மறுபடி முதல் குழியில் விழும்.

தீயைச் சுற்றி 3 மீட்டர் விட்டத்துக்குச் சருகை மண் தெரியும்வரை அகற்றுங்கள். குறைந்தது 10 லிட்டர் தண்ணீர் கையெட்டும் தூரத்தில். ஆற்றுக்கல்லை அடுப்புக்கு வைக்க வேண்டாம். உள்ளே தங்கிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். அணைக்கும்போது நீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று பார்த்த பிறகே கிளம்புங்கள்.

குடில், நீர்

சருகுக் குடிலுக்கு உங்கள் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமான முகட்டுக்கழி ஒன்று. ஒரு முனை இடுப்பு உயரத்தில் கவட்டைக் கிளைகளில், மறுமுனை தரையில். இரு பக்கமும் சாய்வாகக் கழிகள், அதன்மேல் குறுக்குச் சுள்ளி, அதன்மேல் சருகு. கையைச் சொருகினால் தோள்வரை போகும் கனம் வேண்டும். எல்லோரும் கூரையைக் குவித்துவிட்டுத் தரையை மறந்துவிடுகிறார்கள். இரவெல்லாம் உடல் சூட்டை உறிஞ்சுவது அடியில் உள்ள மண். படுத்து அமுங்கிய பிறகும் ஒரு சாண் சருகு இருக்க வேண்டும். உள்ளே இடம் அதிகமானால் குளிரும். படுத்து உருளும் அளவு போதும். இடம் தேர்வதற்கு முன் அண்ணாந்து பாருங்கள், மேலே காய்ந்த கிளை தொங்கக் கூடாது. வறண்ட ஓடையில் அமைக்காதீர்கள். சருகை வெறுங்கையால் அள்ள வேண்டாம். குச்சியால் கிளறி, கையுறையோடு. பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரத்தைக் கழற்றி, அந்த உறுப்பை அசையாமல் வைத்து, மருத்துவமனைக்கு.

தண்ணீரைக் கொப்புளம் எழக் கொதிக்கவிட்டு ஒரு நிமிடம், 2000 மீட்டர் உயரத்துக்கு மேல் மூன்று நிமிடம். தீ இல்லையென்றால் தெளிந்த நீரை 2 லிட்டருக்கு மேற்படாத நிறமற்ற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி 6 மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்துங்கள். மேகமூட்டமானால் இரண்டு நாள். துணி, மணல், கரி வடிகட்டி கலங்கலை எடுக்கும், கிருமியை நம்பும்படி எடுக்காது. ரசாயனம் கலந்த நீருக்கு இவை எதுவும் உதவாது.

வழி தவறினால்

நேராக நடக்கிறோம் என்ற நம்பிக்கையை முதலில் உடையுங்கள். திறந்த வெளியில் ஒவ்வொருவர் கண்ணையும் கட்டி, நேராக நடக்கச் சொல்லுங்கள். இணை பின்னாலேயே போகட்டும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் ஜெர்மனியின் காட்டிலும் துனிசியாவின் பாலைவனத்திலும் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனவர்கள், மேகம் மூடியதும் தங்கள் தடத்தையே கடந்து சுற்றினார்கள். கண்ணைக் கட்டியபோது வட்டம் 20 மீட்டர் அளவுக்குக்கூடச் சுருங்கியது.

அதனால் ஒரே ஒப்பந்தம்: வழி தெரியவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நில். மூன்று விசில், இடைவெளி, மூன்று விசில். தேடுபவர்கள் பதில் விசில் அடித்தாலும் அவர்களை நோக்கி ஓட வேண்டாம், அவர்கள் வரட்டும். இரண்டு பக்கமும் நகர்ந்தால் ஒருவரையொருவர் தாண்டிப் போய்விடுவீர்கள். திசை அறிய ஒரு மீட்டர் குச்சியை நட்டு நிழல் நுனியில் கல் வையுங்கள், 20 நிமிடம் கழித்து மறுபடி வையுங்கள். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. நண்பகலை ஒட்டி வைத்தால் கோடு மிகச் சரியாக இருக்கும். காலையிலும் மாலையிலும் கொஞ்சம் சாயும்.

செடிகளைத் தின்ன வேண்டாம்

சந்திப்புக்கு ஒரு செடி. இலை அமைப்பு, தண்டின் குறுக்குவெட்டு, மணம், பூ, காய் என்று வரையுங்கள். அதே செடியை அடுத்த பருவத்திலும் பாருங்கள். தின்று பார்ப்பது இந்த ஆறு மாதத்தில் வேண்டவே வேண்டாம். ஒருவர் மட்டும் தப்பாகத் தின்றால் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போகலாம். குழுவில் ஒருவர் நம்பிக்கையோடு காட்டியதை எல்லோரும் தின்றால் தூக்க ஆள் இருக்காது. உணவில்லாமல் வாரக்கணக்கில் தாங்கும் உடல், தண்ணீர் இல்லாமல் சில நாட்கள்தான் தாங்கும். குளிரிலும் மழையிலும் நனைந்தால் சில மணி நேரமே. முன்னுரிமை இதற்குத் தலைகீழ் வரிசையில்தான்.

முதல் இரவு

கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில் ஆளுக்கு ஒரு குடில், நடுவில் பொதுத் தீ ஒன்று. மலம் கழிக்க நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி ஒரு சாண் ஆழக் குழி. இருட்டுவதற்குமுன் அங்கே போகும் வழியை எல்லோரும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். கூடாரமும் கம்பளியும் பொதுவில் இருக்கட்டும். நடுங்குபவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம், யாரும் எதுவும் சொல்லக் கூடாது. நடுக்கம் நின்று பேச்சு குழறினால் அது தேறிவிட்டதற்கு அறிகுறி அல்ல, குளிர் முற்றியதற்கு; ஈர உடையை மாற்றி, தரையிலிருந்து உயர்த்திப் படுக்கவைத்து, உடனே உதவி கேளுங்கள்.

விடிந்ததும் எண்களைச் சொல்லிவிட்டு, பேச்சுக்கு முன்னால் ஒவ்வொருவரும் எழுதட்டும்: எந்த நேரம் விழித்தேன், எந்தப் பக்கம் குளிர்ந்தது, எங்கே சருகு போதவில்லை. பெரும்பாலான தாள்களில் முதுகு என்றுதான் இருக்கும். குடிலைப் பிரித்துச் சருகைப் பரப்பும்போது படுக்கை எத்தனை விரல் கனத்துக்கு அமுங்கியிருக்கிறது என்று அளந்து, அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.